பொருளாதாரப் பாதுகாப்பு, தொழில்நுட்பக் கொள்கை ஆய்வு இன்டர்ன்ஷிப்: வடசென்னை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஏப்ரல் 4 அன்று ஏழு அருமண் (rare earth) தனிமங்களின் ஏற்றுமதிக்கு இனி உரிமம் வாங்க வேண்டும் என்று சீனா அறிவித்தது. சில வாரங்களுக்குள் இந்திய வாகன நிறுவனங்கள் அருமண் சேர்ந்த காந்தம் எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கிவிட்டன. மோட்டாருக்குள் இருக்கும் சின்னக் காந்தம் வராவிட்டால் மொத்த வண்டியும் தயாரிப்பு வரிசையில் நிற்கும். ஒரு நாட்டின் குடுமி இன்னொரு நாட்டின் கையில் சிக்கும் இப்படிப்பட்ட இடங்கள் எவை, அவற்றை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது, அரசு என்ன செய்ய முடியும் என்று ஆராய்வதுதான் பொருளாதாரப் பாதுகாப்பு. இன்று அந்த இடங்களில் பல சிப், பேட்டரி, சோலார், தாதுப்பொருள் என்றே இருப்பதால் தொழில்நுட்பக் கொள்கையும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இது டெல்லிப் பிள்ளைகளுக்கான வேலை என்று வடசென்னைக் கல்லூரிகளில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, ராஜாஜி சாலை சுங்க இல்லம் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த சில நாட்களில், மணலிக் கிடங்கு ஒன்றில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அவசரமாக வெளியேற்றப்பட்டது நினைவிருக்கலாம். உரத்துக்கும் அதுதான், வெடிமருந்துக்கும் அதுதான். இந்தத் துறையில் அதை இருபயன் பொருள் என்பார்கள். பாதிப் பாடம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

எங்கே விண்ணப்பிப்பது

பெங்களூரில் தக்ஷசீலா, டெல்லியில் கார்னகி இந்தியா, ஓ.ஆர்.எஃப். (அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன்), ஆர்.ஐ.எஸ். (வளரும் நாடுகளுக்கான ஆய்வு, தகவல் அமைப்பு), மனோகர் பாரிக்கர் ஐ.டி.எஸ்.ஏ. (பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்), மும்பையில் கேட்வே ஹவுஸ், சென்னையிலேயே சென்னை சீன ஆய்வு மையம் ஆகியவை இந்த விஷயங்களில் தொடர்ந்து எழுதும் நிறுவனங்கள். பொருளாதாரப் பக்கம் வலுவாக வேண்டுமென்றால் கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அடையாறு எம்.ஐ.டி.எஸ். (மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம்) பேராசிரியர்களின் ஆய்வுகளைப் பாருங்கள். நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் திட்டமும் உண்டு. அதற்கு இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்க முடியும், சம்பளம் கிடையாது. தகுதி மதிப்பெண், ஆண்டு, தேதி ஆகியவற்றை விண்ணப்பிக்கும் அன்று தளத்திலேயே சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய போஸ்டரை நம்பாதீர்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட, யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதே முக்கியம். கடந்த 12 மாதத்தில் அந்த நிறுவனம் வெளியிட்டதில் உங்கள் விஷயத்துக்கு நெருக்கமான மூன்று கட்டுரைகளை எடுத்து முழுதாகப் படியுங்கள். எழுதியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய வாதத்தில் நீங்கள் ஒத்துப்போகாத ஒரு புள்ளியாவது கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று எந்தப் பெயரில் யார் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நம்பகமான ஆய்வு நிறுவனம் இன்டர்னிடம் காசு கேட்காது.

பத்து வாரக் கணக்கு

கோடைக்கால இடங்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். அப்படியானால் நவம்பர், டிசம்பரில் தயாரிப்பைத் தொடங்க வேண்டும். தயாரிப்பு என்பது, ஒரு இறக்குமதிப் பொருளை நீங்களே ஆராய்ந்து, விண்ணப்பத்தோடு காட்ட இரண்டு பக்க எழுத்து மாதிரி ஒன்றை உருவாக்குவது. முதல் இரண்டு வாரம் பொருளைத் தேர்ந்தெடுக்க, அடுத்த மூன்று வாரம் தரவுக்கு, இரண்டு வாரம் சட்டத்துக்கு, இரண்டு வாரம் எழுத, கடைசி வாரம் திருத்தத்துக்கும் கடிதங்களுக்கும். செமஸ்டர் தேர்வு நடுவில் வரும். அந்த நாட்களைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். கல்லூரியில் போனஃபைடும் என்.ஓ.சி.யும் வாங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஹெச்.ஓ.டி. விடுப்பில் போகும் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு பொருள்

விண்ணப்பங்கள் தோற்பதற்கு முதல் காரணம் அகலக் கால் வைப்பது. "இந்தியாவின் செமிகண்டக்டர் எதிர்காலம்" என்று இரண்டு பக்கம் எழுதினால் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நிரந்தரக் காந்தம், லித்தியம் அயன் பேட்டரி, சோலார் செல், காலியம் (சிப்பில் பயன்படும் உலோகம்), சிப் தயாரிக்கும் இயந்திரம் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றாகச் சுருக்குங்கள்.

பொருள் சரிதானா என்று மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இந்தியா அதைக் கணிசமாக இறக்குமதி செய்கிறதா? விற்கும் நாடுகள் சிலவே தானா? வராமல் போனால் உடனே மாற்று கிடைப்பது கடினமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கு மட்டும் ஆம் என்றால் அது வெறும் வணிக விஷயம். பொம்மை நிறைய ஒரே நாட்டிலிருந்து வரலாம். அது நின்றாலும் நாடு நிற்காது.

இரண்டாம் படி: எண்களை எடுப்பது

மொத்தத்தில் இதற்குத்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். மற்ற விண்ணப்பங்களிலிருந்து உங்களுடையது தனித்துத் தெரிவதும் இங்கேதான்.

எல்லைதாண்டும் ஒவ்வொரு சரக்குக்கும் எச்.எஸ். கோடு என்ற எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. அதற்கு மேல் இந்தியா எட்டு இலக்கம் வரை பிரித்து வைத்திருக்கிறது. 8542 என்றால் இன்டக்ரேட்டட் சர்க்யூட், அதாவது சிப், 8486 சிப் தயாரிப்பு இயந்திரங்கள், 8471 கணினி வகையறா, 850760 லித்தியம் அயன் பேட்டரி, 850511 உலோக நிரந்தரக் காந்தம், 2846 அருமண் சேர்மங்கள். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பொருளின் எண்ணையும் அதற்கு மேலும் கீழும் உள்ள எண்களின் விளக்கத்தையும் மட்டும் வரிக்கு வரி படியுங்கள்.

இந்தியத் தரவு வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்ற நாடுகளின் தரவுக்கு ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்டிரேட். இரண்டிலிருந்தும் ஐந்து ஆண்டுக்கு, முதல் பத்து நாடுகளுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து நேர்காணலில் ஒருவர் "இந்த எண் எங்கிருந்து?" என்று கேட்கும்போது அந்த ஒரு குறிப்புதான் காப்பாற்றும்.

அடுத்து, ஒரே இடத்தில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஹெர்ஃபிண்டால் ஹிர்ஷ்மன் குறியீடு போதும். ஒவ்வொரு நாட்டின் பங்கையும் சதவீதமாக எடுத்து, வர்க்கமாக்கி, கூட்டுங்கள். கற்பனையாக நான்கு நாடுகளின் பங்கு 70, 15, 10, 5 என்று வைத்தால் 4900 + 225 + 100 + 25 = 5250. நான்கும் ஆளுக்கு 25 என்றால் 2500. ஒரே நாடு என்றால் 10000. ஐந்து ஆண்டுக்கு இதைப் போட்டுக் கோடு வரைந்தால், சார்பு கூடுகிறதா குறைகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும்.

எண்கள் ஏமாற்றும் இடங்களும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டவரை எந்த ஆய்வாளரும் மதிப்பார்.

இந்தியத் தரவு ஏப்ரல் முதல் மார்ச் வரை, காம்டிரேட் ஆண்டுத் தரவு பொதுவாக ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும்.

இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும், ஏற்றுமதி மதிப்பில் சேராது. ஆகவே சீனா இந்தியாவுக்கு விற்றதாகச் சொல்லும் தொகையும் இந்தியா சீனாவிடம் வாங்கியதாகச் சொல்லும் தொகையும் ஒன்றாக இருக்காது. கொஞ்சம் வேறுபட்டால் இயல்பு. இரு மடங்கு வேறுபட்டால் ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகச் சுற்றி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதியாளர் சுங்கத்தில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி என்ற ஆவணத்தில் பொருள் உருவான நாடு, அனுப்பிய நாடு என்று இரண்டு கட்டங்கள் உண்டு. நீங்கள் பயன்படுத்தும் தரவு எதை எடுக்கிறது என்று அதன் விளக்கக் குறிப்பில் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

எச்.எஸ். கோடுகளே மாறும். அதன் 2022 பதிப்பில் பழைய 854140 நான்காக உடைந்தது. சோலார் செல் 854142க்கும், பேனல் 854143க்கும் போயின. பழைய எண்ணிலேயே தேடினால் 2022க்குப் பிறகு இறக்குமதி சுழியமாகிவிட்டது போலத் தோன்றும்.

கடைசியாக, கோடு காட்டாதது. 850511 உலோகக் காந்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லும், நியோடிமியம் என்ற அருமண் தனிமம் சேர்ந்த காந்தத்தை மட்டும் தனியாகச் சொல்லாது. மோட்டாருக்குள் பொருத்தப்பட்டு வரும் காந்தம் 8501 என்ற மோட்டார் தலைப்பில் ஒளிந்துகொள்ளும். காந்த இறக்குமதி குறைந்தது என்று எழுதும் முன் மோட்டார் இறக்குமதி கூடியதா என்று பார்த்தே தீர வேண்டும்.

வீட்டிலோ தெருவிலோ சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் வேலை செய்பவரோ சுங்கத் தரகரிடம் இருப்பவரோ இருந்தால் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். எச்.எஸ். கோட்டை முதலில் யார் எழுதுகிறார்கள், எதில் தகராறு வரும், கன்டெய்னர் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் அச்சில் இருக்காது. ஆனால் யாருடைய பில்லையும் போட்டோ எடுக்கவோ வாங்கிவரவோ கூடாது. அது வாடிக்கையாளரின் ரகசிய ஆவணம். துறைமுகத்துக்குள் படம் எடுப்பதும் வேண்டாம். உங்களுக்குத் தேவை நடைமுறை எப்படி நடக்கிறது என்ற அறிவு மட்டும்தான். அதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை.

மூன்றாம் படி: சட்டத்தை மூலத்தில் படிப்பது

2023 ஆகஸ்ட் 3 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி., லேப்டாப், டேப்லெட் இறக்குமதி பற்றி அறிவிக்கை வெளியிட்டது. தடை என்றே ஊரெல்லாம் பேச்சு. அறிவிக்கையில் இருந்த சொல் தடை அல்ல, கட்டுப்பாடு: உரிமம் பெற்றால் இறக்கலாம். இணையத்தில் ஒன்று வாங்குவதற்கும், ஆய்வுக்கும் சோதனைக்கும் ஒரு சரக்குக்கு 20 வரை இறக்குவதற்கும் விலக்கு இருந்தது. மறுநாளே அமலாக்கம் அக்டோபர் இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டது. பிறகு அது இணையவழி அனுமதி முறையாக மாறியது. செய்தியை மட்டும் படித்தவர் மூன்று கட்டத்திலும் தவறாகவே எழுதியிருப்பார்.

ஆகவே ஒவ்வொரு விதிக்கும் ஒரு சின்னக் குறிப்பு தயாரியுங்கள். வெளியிட்ட அமைப்பு, எண், தேதி, அமலுக்கு வந்த நாள், எந்தப் பொருளுக்கு, என்ன கடமை, யாருக்கு விலக்கு, பிறகு திருத்தப்பட்டதா. எட்டு வரியில் முடிந்துவிடும்.

இந்தியப் பக்கம் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. ஸ்கோமெட் என்பது இருபயன் பொருட்களின் ஏற்றுமதிப் பட்டியல். 0 முதல் 8 வரை வகைகள் கொண்டது. எலக்ட்ரானிக்ஸ், கணினி, தகவல்தொடர்பு போன்றவை எட்டாம் வகையில் வரும். 2020 ஏப்ரலின் பிரஸ் நோட் 3 என்ற அரசு அறிவிப்பு, இந்தியாவோடு நிலஎல்லை பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசு அனுமதி தேவை என்றது. 2021 டிசம்பரில் செமிகண்டக்டருக்கு ரூ.76,000 கோடித் திட்டம் வந்தது. 2023இல் சுரங்க அமைச்சகம் 30 முக்கியத் தாதுக்களைப் பட்டியலிட்டது. வெளியே அமெரிக்காவின் 2022 அக்டோபர் 7 சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, அதன் 2023, 2024 திருத்தங்கள், ஜப்பானின் 2022 பொருளாதாரப் பாதுகாப்புச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஜூன் உத்தி, 2023 ஆகஸ்ட் 1 முதல் காலியம், ஜெர்மானியத்துக்கு சீனா விதித்த உரிமம். உங்கள் பொருளைத் தொடுபவற்றை மட்டும் ஆழமாகப் படியுங்கள்.

மூலத்தைப் படிப்பதன் பயன் தொடக்கத்தில் சொன்ன காந்த விவகாரத்திலேயே தெரியும். அந்த ஏழு தனிமங்கள் சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுடேசியம், ஸ்காண்டியம், இட்ரியம். நியோடிமியம் அதில் இல்லை. அப்படியானால் நியோடிமியம் காந்தம் ஏன் சிக்கியது? மோட்டார் சூட்டில் காந்தம் வலுவிழக்காமலிருக்க டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் கலக்கிறார்கள். அந்தக் கொஞ்சம்தான் உரிமத்துக்குள் இழுத்தது. இந்த ஒரு விளக்கத்தைச் சரியாக எழுதிவிட்டால், பொருளையும் விதியையும் இணைக்கத் தெரிந்தவர் என்று நிரூபித்துவிடுவீர்கள். 2025 அக்டோபரில் சீனா அந்தக் கட்டுப்பாட்டை விரித்து, நவம்பரில் விரித்ததை மட்டும் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. ஏப்ரல் விதி அப்படியே நின்றது. இவ்வளவு வேகமாக மாறுவதால், எழுதும் தாளின் தலையில் "இந்தத் தேதி வரையிலான நிலை" என்று கட்டாயம் போடுங்கள்.

வீட்டில் இணையமோ இடமோ சரியில்லை என்றால் விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். கன்னிமாரா நூலகம் அருகில்தான். கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போனால் அண்ணா நூற்றாண்டு நூலகம். தரவு வேலைக்கு லேப்டாப்போடு நாள் முழுக்க உட்கார இந்த இரண்டும் போதும்.

நான்காம் படி: இரண்டு பக்க மாதிரி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த இரண்டு பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். 800 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். முதல் பத்தியில் முடிவைச் சொல்லிவிடுங்கள்: என்ன சிக்கல், எவ்வளவு பெரிது, எந்த அமைச்சகம் என்ன செய்யலாம். பிறகு ஒரே ஒரு அட்டவணை அல்லது வரைபடம். பிறகு விதி என்ன சொல்கிறது. பிறகு மூன்று வழிகளும் ஒவ்வொன்றின் செலவும். கையிருப்பு சேர்ப்பது, வேறு நாட்டில் வாங்குவது, உள்நாட்டில் தயாரிப்பது என்று மூன்றும் எல்லோரும் சொல்வதுதான். எது எத்தனை ஆண்டு பிடிக்கும், யார் காசு போட வேண்டும், எங்கே தடுக்கும் என்பதில்தான் உங்கள் உழைப்பு தெரியும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கடற்கரை மணலிலிருந்து தாது பிரிக்கிறது. ஆனால் மணலிலிருந்து தாது, தாதுவிலிருந்து ஆக்சைடு, ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று ஒவ்வொன்றும் தனித் தொழில். நம்மிடம் மணல் இருக்கிறது என்பதால் காந்தம் இருக்கிறது என்று ஆகாது. அந்த மணல் அள்ளப்படும் கரையில் வாழும் மீனவர்களின் எதிர்ப்பும் செலவுக் கணக்கில் சேரும். அதை விட்டுவிட்டு எழுதும் பரிந்துரை நேர்மையானதல்ல.

கடைசிப் பத்தியில் உங்கள் முடிவை எது தகர்க்கும் என்று எழுதுங்கள். "அடுத்த ஆண்டு மோட்டார் இறக்குமதி இவ்வளவு கூடினால் என் கணிப்பு தவறு" என்ற அளவுக்குத் திட்டவட்டமாக இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பெரிய பயமாக இருக்கும். வாதத்தை முதலில் தமிழில் முழுதாக எழுதுங்கள். தமிழில் தெளிவாக இருந்தால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுவது ஒரு வார வேலை. தமிழிலேயே குழப்பமாக இருந்தால் சிக்கல் மொழியில் இல்லை. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் இலக்கணம் திருத்திக்கொள்ளலாம். ஆதாரம் மட்டும் கேட்காதீர்கள். இல்லாத அறிவிக்கை எண்ணையும் இல்லாத அறிக்கையையும் அது தயங்காமல் தரும். ஒரே ஒரு போலி ஆதாரம் கண்ணில் பட்டால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

சுயவிவரம் ஒரே பக்கம், பி.டி.எஃப். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். கடிதம் 300 சொல். அதில் அவர்களுடைய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் விடுபட்ட எதை நீங்கள் மூன்று மாதத்தில் செய்து தர முடியும் என்று எழுதுங்கள். குடும்பக் கஷ்டத்தை முதல் பத்தியில் வைக்க வேண்டாம். வேலையை வைத்துத்தான் மதிப்பிடப்பட வேண்டும், அது உங்கள் உரிமை. பேராசிரியரிடம் பரிந்துரை கேட்கும்போது அந்த இரண்டு பக்கத்தையும் கொடுங்கள். இல்லையென்றால் "ஒழுக்கமான மாணவர்" என்ற ஒரு வரிதான் வரும்.

பல இடங்களில் ஒன்றிரண்டு நாள் கெடு வைத்து எழுத்துத் தேர்வு தருவார்கள். கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள், தெரிந்ததையெல்லாம் கொட்டாதீர்கள். நேர்காணலில் உங்கள் மாதிரியைத்தான் கிழிப்பார்கள். விடை தெரியாத இடத்தில் "இதை இன்னும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டுமானால் இந்தத் தரவில் தொடங்குவேன்" என்று சொல்வது நல்ல பதில்.

ஸ்டைபண்ட் எவ்வளவு, வீட்டிலிருந்தே செய்யலாமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கட்டுரையில் பெயர் வருமா என்ற நான்கையும் ஒப்புக்கொள்ளும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள். டெல்லியில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையிலிருந்து போட வேண்டிய நிலை என்றால், வீட்டிலிருந்து செய்யும் இடத்தையோ சென்னை இடத்தையோ தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

சேர்ந்த பிறகு

முதல் வாரத்தில் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது: யார் படிக்கப் போகிறார்கள், எத்தனை சொல், எந்தத் தேதி, எது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே. வெள்ளிக்கிழமைதோறும் அரைப் பக்கக் குறிப்பு அனுப்புங்கள். இந்த வாரம் முடிந்தது, சிக்கியது, அடுத்த வாரம் செய்யப்போவது. இரண்டு நாள் சிக்கி நின்றால் மூன்றாம் நாள் கேட்டுவிட வேண்டும். பல இன்டர்ன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அதை யாராலும் ஈடுகட்ட முடிவதில்லை.

வரைவு கொடுக்கும் முன் ஒவ்வொரு எண், தேதி, பெயருக்கும் மூலத்தைத் திரும்பத் திறந்து பார்த்து டிக் போடுங்கள். கோடிக்கும் மில்லியனுக்கும் மாற்றும்போதுதான் பிழைகள் அதிகம் வரும்: ஒரு கோடி 10 மில்லியன், ஒரு லட்சம் கோடி ஒரு டிரில்லியன். ரூபாயை டாலராக்கினால் எந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதம் என்றும் எழுத வேண்டும்.

முடியும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் எந்தப் பகுதியை அடுத்த விண்ணப்பத்தில் மாதிரியாகக் காட்டலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தரவுக் கோப்பு, சட்டக் குறிப்பு, மூலப் பட்டியல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.